முதலில் கிணறு, பிறகுதான் அத்திவாரம்
வீடு கட்டுவது பற்றிய கட்டுரையில், வீட்டை முடித்துவிட்டுக் கிணற்றைப் பார்க்கலாம் என்று எழுதியிருப்பது இலங்கையின் வடக்கில் உள்ள எங்கள் வன்னிக்குச் சரிவராது. அத்திவாரம் வெட்டும் முன்பே கிணறு வேண்டும். சீமெந்துக் கலவைக்கும், கட்டிய சுவரை நாள்தோறும் நனைப்பதற்கும் பவுசரில் (தாங்கி லொறியில்) தண்ணீர் வாங்கிக் கட்டுப்படியாகாது. கிணற்றையும் கோடை முற்றிய ஆவணி, புரட்டாதியில் வெட்டுங்கள். மாரியில் வெட்டினால் 10 அடியிலேயே தண்ணீர் நிற்கும், ஆட்கள் இறங்கவும் முடியாது, அடுத்த கோடையில் வாளி அடியில் முட்டும். எங்கள் வளவில் கோடை முற்றிய நேரம் வெட்டியதால்தான் இன்றுவரை வற்றவில்லை. அப்புறம், மேலே கருத்து எழுதிய ஒருவர் கூரைக்கும் முதிரைதான் வேண்டும் என்கிறார். முதிரை அருமையான மரம், நிலைக்கும் கதவுக்கும் போடுங்கள். கூரைக்கு வைரம் பாய்ந்த பனஞ்சலாகை (பனைமரச் சட்டம்) தாராளமாகப் போதும், கறையான் லேசில் அரிக்காது. இளம் பனையை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.