குழலின் புரியைத் தீர்மானிப்பது குண்டின் எடை அல்ல, நீளம்

போல்ட்-ஆக்‌ஷன் வேட்டை ரைஃபிளுக்கு மாற்றுக் குழல் வாங்கும்போது குண்டின் எடைக்கு ஏற்ற புரிச்சுற்றைத் (குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய சுருள் பள்ளம் ஒரு முழுச் சுற்று வர எடுக்கும் நீளம்) தேர்ந்தால் போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் அதை வழிமொழிந்திருக்கிறார்கள். ஈயக் குண்டுகளை மட்டும் சுட்டவரைக்கும் இந்தக் கணக்கு ஓரளவு சரியாகவே வந்தது, அதனால் தவறாக நினைப்பது இயல்புதான். ஆனால் குண்டு தடுமாறாமல் பறக்க எவ்வளவு சுழற்சி வேண்டும் என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது அதன் நீளம்.

ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், தாமிரத்துக்கு ஏறத்தாழ 9. ஆகவே ஒரே விட்டமும் ஒரே எடையும் கொண்ட முழுத் தாமிரக் குண்டு நீளமாகத்தான் இருக்கும்; அது தடுமாறாமல் பறக்க அதிகச் சுழற்சி வேண்டும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டா கூடாது. அங்கே பழைய எடைக் கணக்கை நம்பிக் குழல் வாங்குவது வீண் செலவு.

நீங்களே பார்க்கலாம். ஒரே விட்டமுள்ள 100 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டின் எடை அலகு) ஈயக் குண்டு, 100 கிரெய்ன் தாமிரக் குண்டு இரண்டின் நீளத்தையும் காலிப்பர் என்ற அளவுக் கருவியில் அளந்து பாருங்கள். குண்டுத் தயாரிப்பாளர்கள் பலர் தேவையான குறைந்தபட்சப் புரிச்சுற்றைப் பெட்டியிலேயே அச்சிடுகிறார்கள். இப்போதுள்ள குழலின் சுற்றை அறிய, ரைஃபிள் காலியா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு தானாகச் சுழலும் கைப்பிடியுள்ள துப்புரவுக் கம்பியில் இறுக்கமான துணியைச் சுற்றி உள்ளே தள்ளுங்கள். கம்பியில் இட்ட அடையாளம் ஒரு முழுச் சுற்று வருவதற்குள் எத்தனை அங்குலம் நகர்ந்தது என்பதே விடை. காகித இலக்கில் துளைகள் வட்டமாக இல்லாமல் நீண்டு கிழிந்திருந்தால், அந்தக் குண்டுக்கு அந்தப் புரி போதவில்லை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.