வீட்டு நெட்டுக்கு மாதம் ஐநூறு கட்டலாம், முதல் நாளே மூவாயிரத்துக்கு எங்கே போவது?

சென்னை வியாசர்பாடியில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி போன மாதம் முழுக்கத் தூங்கி வழிந்தாள். உடம்புக்கு முடியவில்லையோ என்று நினைத்துக் கேட்டேன். "இல்ல மிஸ், பன்னெண்டு மணிக்கு அலாரம் வெச்சு எந்திரிக்கிறேன்" என்றாள்.

நள்ளிரவு பன்னிரண்டுக்குத்தான் அவள் அம்மாவின் போனில் அடுத்த நாளுக்கான ஒன்றரை ஜிபி ஏறுகிறது. முந்தைய நாள் கணக்கு சாயங்காலம் ஏழு மணிக்கே தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு வேகம் 64 கேபிபிஎஸ். அந்த வேகத்தில் ஒரு இயற்பியல் பிடிஎஃப் இறங்குவதற்குள் கரண்ட் போய் வந்துவிடும். அதனால் தம்பி தூங்கிய பிறகு எழுந்து, விளக்கைப் போடாமல், வேண்டிய பாடம், வீடியோ எல்லாவற்றையும் இறக்கிக்கொள்கிறாள். ஒரு மணிக்குள் போனைச் சார்ஜில் போட்டு அம்மா தலைமாட்டில் வைத்துவிட வேண்டும். அம்மா காலை ஐந்தரைக்கெல்லாம் பெரம்பூருக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

இதைக் கேட்ட அன்று எனக்கும் தூக்கம் வரவில்லை. "இந்தியாவில்தான் டேட்டா சல்லிசு, ஏழைகள் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, அப்புறம் என்ன பிரச்சினை" என்று சொல்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கையில் நெட் இருப்பது வேறு, வீட்டில் நெட் இருப்பது வேறு. போன் அம்மாவோடு வேலைக்குப் போய்விடும். வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு அது இல்லை.

மறுநாள் மாணவியின் அம்மா, அந்த அக்காவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வீட்டில் மூன்று போன். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அண்ணன் கடையில் வேலை பார்க்கிறார். 2024 ஜூலையில் கட்டணம் ஏறிய பிறகு, ஒன்றரை ஜிபி பேக் 28 நாளுக்கு 299 ரூபாய். 28 நாள் என்பதால் வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை இல்லை, பதின்மூன்று தடவை. ஒரு போனுக்கு 3,887 ரூபாய், மூன்றுக்கும் சேர்த்து 11,661. இது போக, டேட்டா தீர்ந்த நாளில் இருபது, முப்பது ரூபாய்க்குப் போடும் சின்ன டாப்அப், மாதத்துக்கு ஐந்தாறு.

இப்போது வீட்டுக்கு பிராட்பேண்ட் ஒயர் இழுத்தால் என்ன ஆகும்? 30 எம்பிபிஎஸ் அடிமட்டத் திட்டம் மாதம் 399 ரூபாய். அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 471. வருடத்துக்கு 5,650 சொச்சம். அப்பா ஆட்டோவில் மேப் பார்க்க வேண்டும், அதனால் அவர் போனில் கை வைக்க முடியாது. அம்மாவுக்கும் அண்ணனுக்கும் பேசுவதற்கு மட்டுமான 84 நாள் பேக் போடலாம், அது 450 ரூபாய் அளவில் கிடைக்கிறது. எல்லாம் கூட்டினால் வருடத்துக்குச் சுமார் 13,450. பழைய கணக்கைவிட மாதம் 150 ரூபாய்தான் கூடுதல். டாப்அப் போடும் பணமே அந்த 150-ஐச் சரிக்கட்டிவிடும்.

அதாவது இந்தக் குடும்பம் ஏற்கெனவே பிராட்பேண்டுக்கான காசைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது, பிராட்பேண்ட்தான் இல்லை.

ஏன் இல்லை? அன்றே ஒரு கம்பெனிக்குப் போன் போட்டேன். ஆறு மாதப் பணத்தை முன்னாடியே கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசமாம். மாதாமாதம் கட்டுகிறோம் என்றால் இன்ஸ்டலேஷனுக்கும் மோடம் டெபாசிட்டுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டுமாம். எப்படிப் பார்த்தாலும் முதல் நாளே மூவாயிரத்தை ஒட்டி எடுத்து வைக்க வேண்டும். அந்த அக்கா சொன்னதை அப்படியே தருகிறேன்: "மாசம் ஐநூறுன்னா கட்டிடலாம் டீச்சர். மொத்தமா மூவாயிரம் இருந்தா நான் முதல்ல கம்மலை மீட்டுட மாட்டேனா?"

ஏழை வீடுகளுக்கு மலிவு இன்டர்நெட் என்று பேசுகிறவர்கள் எல்லோரும் மாதக் கட்டணத்தையே பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் தடை வாசலில்தான் இருக்கிறது. தினக்கூலியும் வாரச் சம்பளமும் வாங்குகிற வீட்டில் பணம் சிறுகச் சிறுகத்தான் வரும், சிறுகச் சிறுகத்தான் போகும். ரீசார்ஜ் கடைக்காரர் அந்த ஓட்டத்துக்குத் தக்கபடி பத்து, இருபது என்று வாங்கிக்கொள்கிறார். ஃபைபர் கம்பெனி ஆறு மாதத்தை மொத்தமாகக் கேட்கிறது. சம்பளக்காரர் வீட்டுக்கு அது தள்ளுபடி. இவர்களுக்கு அதுவே பூட்டிய கதவு.

பணத்தைப் புரட்டிவிட்டாலும் வாடகை வீடு என்று ஒன்று இருக்கிறது. சுவரில் ஓட்டை போடக் கூடாது என்பார் ஹவுஸ் ஓனர். ஆதாரில் பழைய வீட்டு முகவரி இருக்கும். ஆறு மாதத்தில் வீடு மாற வேண்டி வந்தால் கட்டிய பணம் போச்சு. அதற்குப் பயந்தே பலர் கேட்காமல் இருந்துவிடுகிறார்கள்.

அரசு இதைச் செய்யவே முடியாதா? பக்கத்தில் கேரளாவில் மின்வாரியக் கம்பங்கள் வழியாகவே ஃபைபர் இழுத்து, 2023 ஜூனில் கேஃபோன் என்ற அரசு இணையத் திட்டத்தைத் தொடங்கினார்கள். 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது இலக்கு. முதல் கட்டத்தில் தொகுதிக்கு நூறு வீடு என்று 14,000 வீடுகள். பணம் கட்டுகிறவர்களுக்கு 20 எம்பிபிஎஸ் திட்டம் 299 ரூபாயில் தொடங்கியது. இலக்கு மிகப் பெரியது, வேலை மெதுவாகத்தான் நடந்தது. இருந்தாலும் அங்கே அரசின் கணக்கு வீட்டில் தொடங்குகிறது. நம் ஊரில் 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா கார்டு கொடுத்தார்கள். அந்த நேரத்துக்கு உதவியது, மறுக்கவில்லை. நான்கு மாதத்தில் முடிந்தும் போனது. இப்போது தமிழக அரசின் ஃபைபர் நிறுவனமான டான்ஃபிநெட் மூலம் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் வேலை நடக்கிறது. நல்லது, கட்டாயம் வேண்டும். ஆனால் வியாசர்பாடி ஊராட்சி இல்லையே. இங்கே தெருமுனையில் நாலு கம்பெனி ஒயர் தொங்குகிறது, அது வீட்டுக்குள் வருவதற்குத்தான் வழியில்லை.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2021 ஆகஸ்டில் ஒரு பரிந்துரை கொடுத்தது. வீட்டு பிராட்பேண்ட் மாதக் கட்டணத்தில் பாதியை, 200 ரூபாய் வரை, சந்தாதாரருக்கே நேரடியாகத் திருப்பித் தரச் சோதனை முயற்சி செய்யலாம் என்றது. அதுவும் கிராமப்புறத்துக்கு மட்டும். நகரத்து ஏழை அதிலும் கணக்கில் வரவில்லை. என்னைக் கேட்டால், அந்த மாதம் 200-ஐவிட முதல் நாள் மூவாயிரத்தை அரசு ஏற்றுக்கொண்டால் போதும். அல்லது பத்துத் தவணையாகக் கட்ட வழி செய்தால் போதும். மாதக் கட்டணத்தை இவர்களே கட்டிவிடுவார்கள். கேபிள் டிவிக்கு இத்தனை வருடமாக மாதம் தவறாமல் கட்டியவர்கள்தானே.

நூலகம் இருக்கிறது, பக்கத்தில் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் இருக்கிறது, அங்கே போய்ப் படிக்கட்டும் என்று ஒரு நண்பர் சொன்னார். போகிற பிள்ளைகள் போகட்டும், அருமையான இடம். அம்மா வரும்வரை தம்பியைப் பார்த்துக்கொண்டு, அடுப்பில் சோறும் வைக்கிற பெண் எப்படிப் போவாள்?

சரி, இப்போதைக்கு என்ன செய்யலாம்? நான் அலைந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கம்பெனியின் கால் சென்டரில் பேசாதீர்கள், உங்கள் தெரு கேபிள்காரரைப் பிடியுங்கள். பெரிய கம்பெனி லைனையும் பெரும்பாலும் அவர்தான் இழுத்துக் கொடுக்கிறார். கையில் பழைய மோடமும் வைத்திருப்பார். விலை கேட்கும்போது ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள். டெபாசிட் வாங்கினால் ரசீது கேளுங்கள். அடிமட்டத் திட்டத்தை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், "இருக்கிறதிலேயே கம்மியானது எது" என்று நாம்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று, 2020 டிசம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த பிஎம் வாணி. டீக்கடை, மளிகைக் கடை யார் வேண்டுமானாலும் லைசென்ஸ் கட்டணம் இல்லாமல் வைஃபை வைத்துச் சின்ன பேக்காக விற்கலாம். ஆனால் அந்தக் கடைகளிடம் கம்பெனிகள் அதிக விலைக்கான லைனைத்தான் வாங்கச் சொன்னன, அதனால் திட்டம் தவழ்ந்துகொண்டிருந்தது. 2025 ஜூனில்தான் டிராய், வீட்டு பிராட்பேண்ட் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இந்தக் கடைகளிடம் வாங்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. லைன் வீடுகள் நெருக்கமாக இருக்கும் எங்கள் பக்கத்தில், தெருவுக்கு ஒரு கடை இதை எடுத்தால்கூட இருபது வீட்டுப் பிள்ளைகள் படிக்கலாம். எங்கள் தெரு அண்ணாச்சியிடம் பேசியிருக்கிறேன், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

அந்த மாணவி வீட்டுக்கு ஒருவழியாக ஏற்பாடு ஆகிவிட்டது. கேபிள்காரத் தம்பி, டெபாசிட்டை நான்கு மாதமாகப் பிரித்து வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் நானே போய்ப் பேசினேன், ஜன்னல் வழியாக ஒயர் எடுக்கச் சொல்லிவிட்டார். வருகிற ஞாயிறு லைன் கொடுக்கிறார்கள்.

என் டியூஷனில் இதே நிலைமையில் இன்னும் பதினோரு வீடு இருக்கிறது. வியாசர்பாடி, எம்கேபி நகர், பெரம்பூர் பக்கம் முன்பணம் வாங்காமல், அல்லது தவணையில் வாங்கிக்கொண்டு லைன் கொடுக்கிற கேபிள்காரர் யாரையாவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். பயன்படுத்தாத மோடம் வீட்டில் சும்மா கிடந்தாலும் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.