செப்டம்பரிலேயே தீர்ப்பா?

ஆகஸ்ட் மாதக் கடைசிச் சனிக்கிழமையின் கல்லூரி ஃபுட்பால் ஆட்டங்கள் (காலால் உதைப்பது அல்ல, கையில் பந்தை ஏந்தி ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால்) முடிந்தால் போதும், ஞாயிறு காலையில் அமெரிக்காவில் ஆளாளுக்கு நீதிபதி ஆகிவிடுகிறார்கள். இந்த அணி இனி தேறாது, அந்த கோச்சை வீட்டுக்கு அனுப்பு, அந்தப் பையன் டுபாக்கூர், இந்த வருஷம் கோப்பை இவர்களுக்குத்தான். ஆடியிருப்பது ஒரே ஒரு ஆட்டம்! இன்னும் பதினோரு ஆட்டம் பாக்கி இருக்கிறது. திங்கட்கிழமை ஆபீஸ் சாப்பாட்டு மேசையில் இதே பேச்சு, நம் தமிழ் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் இதே பேச்சு. கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிகிறது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். ஆனால் உலை கொதிக்கும் முன்பே பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, சமைத்தவரைத் திட்டுவது என்ன நியாயம்?

2025 சீசனையே எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 30 அன்று டலஹாஸியில் அலபாமாவை ஃப்ளோரிடா ஸ்டேட் 31-17 என்று அடித்து நொறுக்கியது. முந்தைய வருஷம் 2 வெற்றி, 10 தோல்வி என்று கிடந்த அணி அது. அன்று இரவே அலபாமா கோச் கேலன் டிபோரைத் துரத்தச் சொல்லிக் கூச்சல். ஃப்ளோரிடா ஸ்டேட் அணிக்கோ பழைய பொற்காலம் திரும்பிவிட்டது என்று கொண்டாட்டம். தேசியத் தரவரிசையில் முதல் பத்து இடங்களுக்குள்ளும் ஏற்றிவிட்டார்கள். அப்புறம் நடந்தது என்ன? துரத்தச் சொன்ன டிபோரின் அணி அடுத்த எட்டு ஆட்டங்களை வரிசையாக வென்று, கோப்பைக்கான நாக்-அவுட் சுற்றான பிளேஆஃப் வரை போனது. ஃப்ளோரிடா ஸ்டேட் 5-7 (5 வெற்றி, 7 தோல்வி) என்று சீசனை முடித்து, சீசனுக்குப் பின் தேறிய அணிகளுக்குக் கிடைக்கும் பவுல் ஆட்டம்கூட இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தது. ஆகஸ்ட் 31 அன்று தொண்டை கிழியக் கத்தியவர்களில் யாராவது நவம்பரில் வந்து 'நான் சொன்னது தப்பு' என்றார்களா? எனக்குத் தெரிந்த ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த தீர்ப்புக்குப் போய்விட்டார்கள்.

அதே ஆகஸ்ட் 30 இரவு எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்) அணி, நான்காம் இடத்திலிருந்த கிளெம்சனை அதன் சொந்த மைதானத்தில் 17-10 என்று வென்றது. உடனே எல்எஸ்யூவை மூன்றாம் இடத்துக்கு உயர்த்தினார்கள். கடைசியில் வென்ற அணியும் 7-6, தோற்ற அணியும் 7-6. எல்எஸ்யூ கோச் பிரையன் கெல்லிக்கு அக்டோபர் மாதத்தோடு வேலையே போனது.

இந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் செப்டம்பரில் யாரும் இவ்வளவு பேச மாட்டார்கள். தொழில்முறை லீக்கான என்எஃப்எல் அணிகளுக்கு சீசனுக்கு முன் பயிற்சி ஆட்டங்கள் உண்டு. கல்லூரி அணிகளுக்கு அப்படி எதுவும் கிடையாது. வசந்த காலத்தில் தங்களுக்குள்ளேயே ஆடிப் பார்ப்பார்கள், ஆகஸ்டில் முகாம் நடக்கும், அடுத்தது நேராக வெற்றி தோல்விக் கணக்கில் சேரும் ஆட்டம்தான். அதிலும் இப்போது வீரர்கள் கல்லூரி மாற வழிசெய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு, சில அணிகளில் பாதிப் பேர் வேறு கல்லூரியிலிருந்து வந்த புது முகங்கள். பக்கத்தில் நிற்பவன் எந்தப் பக்கம் நகர்வான் என்று பழகவே ஒரு மாதம் பிடிக்கும். இது போதாதென்று, செப்டம்பரில் பெரிய கல்லூரிகள் பணம் கொடுத்து வரவழைக்கும் சின்னக் கல்லூரிகளோடு ஆடுகின்றன. அலபாமாவை வென்ற அடுத்த வாரமே ஃப்ளோரிடா ஸ்டேட் ஈஸ்ட் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் அணியை 77-3 என்று அடித்தது. அந்த 77 புள்ளியை வைத்து எதை அளப்பது?

ஆனாலும் ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) செய்தி நிறுவனத்தின் தரவரிசைக்கு ஓட்டுப் போடும் பத்திரிகையாளர்களுக்குப் பொறுமை கிடையாது. ஒரு பந்துகூட வீசப்படும் முன்பே ஆகஸ்டில் 25 அணிகளை வரிசைப்படுத்தி நீட்டுகிறார்கள். 2025-இல் முதலிடம் டெக்ஸஸுக்கு. அந்தக் கல்லூரி வரலாற்றிலேயே சீசனுக்கு முன் முதலிடம் அதுதான் முதல் முறை. இரண்டாமிடம் பென் ஸ்டேட், நான்காமிடம் கிளெம்சன். மூன்றுமே பன்னிரண்டு அணிகள் ஆடும் பிளேஆஃப் பக்கம்கூடப் போகவில்லை. 16 ஆட்டம் ஆடி ஒன்றில்கூடத் தோற்காமல் கோப்பையைத் தூக்கிய இண்டியானாவை எந்த இடத்தில் வைத்திருந்தார்கள்? இருபதாவது.

வெறும் பொழுதுபோக்குதானே, விடுங்கள் என்பவர்கள் மேல்தான் எனக்கு இன்னும் கோபம். அந்த ஆகஸ்ட் எண் சீசன் முழுக்க ஒட்டிக்கொண்டே வருகிறது. ஐந்தாம் இடத்தில் தொடங்கியவன் தோற்றால் பன்னிரண்டுக்கு இறங்குவான்; பட்டியலிலேயே இல்லாதவன் அதே மாதிரி ஆடினாலும் நான்கு வாரம் வாசலில் நிற்க வேண்டும். பெயர் பெற்ற கல்லூரிக்கு ஒரு கணக்கு, பெயரில்லாத கல்லூரிக்கு ஒரு கணக்கு.

பையன்கள் படும் பாடு இன்னொன்று. டெக்ஸஸின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர், ஆர்ச் மேனிங்கைக் கோடை முழுக்கத் தூக்கித் தலையில் வைத்து ஆடினார்கள். ஒஹாயோ ஸ்டேட்டிடம் அந்த எதிரணியின் மண்ணிலேயே 14-7 என்று தோற்றதும், அதே வாய்கள் அவரைப் போலி என்றன. 21 வயசுப் பையன். முந்தைய சீசனில் கோப்பை வென்ற அணியிடம், லட்சம் பேர் கத்தும் மைதானத்தில், ஏழே புள்ளியில் தோற்றிருக்கிறான். அந்த டெக்ஸஸ் 10-3 என்று முடித்தது. இதில் போலி எங்கே இருக்கிறது?

பேச்சோடு நின்றால்கூடப் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். நிற்பதில்லையே. செப்டம்பர் 14, ஒரே நாளில் யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) தன் கோச் டிஷான் ஃபாஸ்டரையும், வர்ஜீனியா டெக் தன் கோச் ப்ரென்ட் ப்ரையையும் நீக்கின. இரண்டு அணிகளும் அப்போது 0-3. ஃபாஸ்டர் அதே யூசிஎல்ஏவில் ஆடி வளர்ந்தவர். தலைமை கோச்சாக அவருக்குக் கிடைத்தது மொத்தம் 15 ஆட்டம். நீக்கியதும் எல்லாம் சரியாகிவிட்டதா? இரண்டு அணிகளும் 3-9 என்றுதான் சீசனை முடித்தன. தலைமை கோச் போனால் உதவி கோச்சுகளின் வேலையும் ஆட்டம் காண்கிறது; பிள்ளைகளைப் புதுப் பள்ளியில் சேர்த்து ஒரு மாதம் ஆகியிருக்கும். அவர்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

பென் ஸ்டேட் கதை இதைவிடக் கொடுமை. ஜேம்ஸ் ஃப்ராங்க்ளின் முந்தைய சீசனில் 13 ஆட்டங்களை வென்று அணியை அரையிறுதிக்குக் கொண்டுபோனவர். ஓரெகனிடம் இரண்டு ஓவர்டைம் வரை போராடித் தோல்வி, அடுத்த வாரம் யூசிஎல்ஏவிடம் தோல்வி, அதற்கடுத்து நார்த்வெஸ்டர்னிடம் ஒரு புள்ளியில் தோல்வி. வேலை போய்விட்டது. 104 வெற்றிகளை மூன்று சனிக்கிழமைகள் விழுங்கிவிட்டன. ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டிய தொகை சுமார் 4.9 கோடி டாலர்! ஒரு கல்லூரி தன் எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் சேர்த்து அந்த வருஷம் நேரடியாகக் கொடுக்க அனுமதிக்கப்பட்ட தொகையே சுமார் 2.05 கோடிதான். வர்ஜீனியா டெக் அவரை நவம்பரில் எடுத்துக்கொண்டதால் பென் ஸ்டேட் 90 லட்சத்தோடு தப்பித்தது.

அந்த வர்ஜீனியா டெக் எப்படிப்பட்ட கல்லூரி? ஃப்ராங்க் பீமர் 1987-இல் அங்கே வந்து முதல் ஆறு சீசன்களில் 24 வெற்றி, 40 தோல்வி, 2 டிரா. ஆறாவது சீசனில் 2-8-1. அப்போதும் அவரை வைத்துக்கொண்டார்கள். அடுத்த சீசனிலிருந்து அவர் ஓய்வு பெறும் வரை 23 வருஷம் தொடர்ந்து பவுல் ஆட்டம். 1999 சீசனில் தேசியப் பட்டத்துக்கான ஆட்டம். இதையெல்லாம் கண்ணால் பார்த்த கல்லூரியே இப்போது செப்டம்பர் பாதியில் ஆளை மாற்றுகிறது என்றால் மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

2024-இல் நோட்டர் டேம் இரண்டாவது ஆட்டத்திலேயே சொந்த மைதானத்தில் நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 என்று தோற்றது. கோச் மார்கஸ் ஃப்ரீமனைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஜனவரியில் அதே அணி இறுதி ஆட்டத்தில் நின்றது.

சரி, செப்டம்பரில் எதையுமே பார்க்கக் கூடாதா? தாராளமாகப் பாருங்கள். தடுப்பு வரிசை சேர்ந்து நகர்கிறதா, தடுத்து வீழ்த்துவது சுத்தமாக இருக்கிறதா, தேவையில்லாத பெனால்டிகள் குறைகின்றனவா, இரண்டாம் பாதியில் கோச் எதையாவது மாற்றுகிறாரா என்று பாருங்கள். நானும் அதைத்தான் பார்க்கிறேன், மணிக்கணக்காகப் பேசவும் தயார். பிளேஆஃப் அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவே தன் முதல் பட்டியலை வெளியிட நவம்பர் வரை காத்திருக்கிறது. ஏபி அக்டோபர் வரையாவது காத்திருக்கட்டும். ஆகஸ்ட் பட்டியலை மொத்தமாக நிறுத்தட்டும். முதல் ஆறு ஆட்டம் முடியும் முன் கோச்சை நீக்கக் கூடாது என்று கல்லூரிகள் ஒப்பந்தத்திலேயே எழுதி வைக்கட்டும்.