வெனிஸ் போனால் அர்செனாலே வாசலோடு திரும்பிவிடாதீர்கள்

வெனிஸ் போய்வந்தேன் என்று யார் சொன்னாலும், அர்செனாலே என்கிற பழைய கப்பல் கட்டும் தளத்தைப் பார்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் இல்லை என்பார்கள். சான் மார்க்கோ சதுக்கம், ரியால்தோ பாலம், கொண்டோலாவில் ஒரு போட்டோ, மாலையில் ரயில். அந்த மாளிகைகளெல்லாம் எந்தக் காசில் எழும்பின, அந்தக் காசைக் கொண்டுவந்த கப்பல்களை எங்கே கட்டினார்கள் என்று பார்க்காமலே திரும்பிவிடுகிறோம். எனக்கு இது உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

12-ஆம் நூற்றாண்டில் தொடங்கி, வெனிஸ் குடியரசு தன் போர்க்கப்பல்களையும் வணிகக் கப்பல்களையும் கட்டிய அரசு கப்பல் தளம் இது. ஊருக்குள்ளே மதில் சூழ்ந்த இன்னொரு ஊர் மாதிரி இருக்கும். அர்செனல் என்ற சொல்லே 'தொழிற்கூடம்' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்து, இங்கிருந்துதான் ஐரோப்பா முழுக்கப் பரவியது.

முதல் தடவை நான் போனது ஒரு பிப்ரவரியில். உள்ளே விடவில்லை. ஒரு பகுதி இன்றும் இத்தாலியக் கடற்படையிடம் இருக்கிறது, மீதியில் பெரும்பகுதி பியெனாலே என்கிற கலைக் கண்காட்சி நடக்கிற மாதங்களில்தான் திறக்கும். சரி, வந்தது வந்தோம் என்று 1460 வாக்கில் கட்டிய அந்தப் பெரிய வாசலுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன். இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் பளிங்குச் சிங்கம் ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்தில் இருந்தது. 1687-இல் வெனிஸ் தளபதி பிரான்செஸ்கோ மொரோசினி அங்கே படையெடுத்துப் போனபோது எடுத்துக்கொண்டு வந்தது, அதே படையெடுப்பில் வெனிஸ் பீரங்கிக் குண்டு விழுந்துதான் பார்த்தெனான் கோயில் வெடித்துச் சிதறியது. சிங்கத்தின் தோளைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பாம்பு நெளிந்த மாதிரி தேய்ந்துபோன கோடுகள் தெரியும். 11-ஆம் நூற்றாண்டில் வடக்கே ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த கூலிப்படை வீரர்கள் செதுக்கிய ரூனிக் எழுத்துகள் அவை. வருகிறவர்கள் எல்லோரும் சிங்கத்தோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

ஆனால் வாசல் பக்கத்துச் சுவரில் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் வரிகள் பொறித்த கல் ஒன்று இருக்கிறது. என்னைப் பிடித்து நிறுத்தியது அதுதான். தன் காவியத்தில், நரகத்தில் கொதிக்கும் தாரை வர்ணிக்க அவருக்கு இந்த இடம்தான் நினைவுக்கு வந்திருக்கிறது: குளிர்காலத்தில் இங்கே கொதிக்கிற தார், ஒருவன் புதுக் கப்பல் கட்டுகிறான், ஒருவன் பழைய கப்பலின் இடுக்கை அடைக்கிறான், ஒருவன் துடுப்பு செய்கிறான், ஒருவன் கயிறு திரிக்கிறான், ஒருவன் பாய்க்கு ஒட்டுப் போடுகிறான். தளபதி பெயர் ஒன்றுகூட இல்லை, அத்தனையும் வேலை செய்கிற கைகள். இடுக்கு அடைப்பவர்களுக்கு வெனிஸில் கலஃபாத்தி என்று பெயர். நம் கடற்கரையில் மரக்கலம் கட்டுகிறவர்கள் அதே வேலையைக் கலப்பத்து என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அப்புறம் இரண்டு வருஷம் கழித்து, அக்டோபரில், கண்காட்சிக்கு டிக்கெட் எடுத்து உள்ளே போனேன். கயிறு திரித்த கூடம், கோர்தெரியே, 300 மீட்டருக்கு மேல் நீளம். ரியால்தோ பாலம் கட்டிய அந்தோனியோ தா போன்தேதான் 16-ஆம் நூற்றாண்டில் இதையும் திருப்பிக் கட்டியவர். ஏன் இவ்வளவு நீளம்? கப்பலின் வடத்தை முறுக்க வேண்டுமென்றால் சணல் இழையை நீளவாக்கில் இழுத்துப் பிடித்துத்தான் முறுக்க வேண்டும், கட்டடம் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் கயிறு. ஒரு தூணில் கை வைத்துப் பார்த்தேன். பூச்சில்லாத செங்கல், தொட்டால் சொரசொரவென்று மண் உதிர்கிறது. சுற்றி நின்றவர்கள் கண்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது என்ன கட்டடம் என்று சொல்ல என் கண்ணில் பட்டது ஒரு சின்னப் பலகை மட்டும்.

1430-களில் வந்த ஸ்பானியப் பயணி பெரோ தாஃபூர் எழுதி வைத்திருக்கிறார்: ஒரு படகு கப்பலைக் கட்டி இழுத்துக்கொண்டு வர, இரண்டு பக்க ஜன்னல்களிலிருந்தும் ஒன்றில் கயிறு, ஒன்றில் ரொட்டி, ஒன்றில் ஆயுதம் என்று நீட்டுகிறார்கள், கால்வாயின் கோடிக்கு வரும்போது கப்பல் ஆட்களோடு புறப்படத் தயார். கலிலியோ 1638-இல் வெளியிட்ட தன் கடைசி நூலை இந்தத் தளத்தின் தொழிலாளிகளைப் பாராட்டித்தான் தொடங்குகிறார். சின்னக் கப்பலைவிடப் பெரிய கப்பலை நீரில் இறக்கும்போது ஏன் அவ்வளவு அதிகமாக முட்டுக் கொடுக்கிறார்கள் என்று அவர்கள் கையனுபவத்தில் தெரிந்து வைத்திருந்த விஷயம், அவருக்குப் பெரிய கேள்வியாகிறது. கவிஞன், பயணி, விஞ்ஞானி, மூன்று பேரும் பார்த்தது வேலைக்காரர்களைத்தான். அர்செனலோத்தி என்று அவர்களுக்குப் பெயர். பாய் தைத்த பெண்களும் அதில் உண்டு. ஊரில் தீப்பிடித்தால் அணைக்க ஓடியவர்களும் இவர்களே.

இன்றைக்குப் போகிறவருக்கு அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. கலைக் கண்காட்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் பாதிக் கூரை இந்நேரம் விழுந்திருக்கும். ஆனால் அவ்வளவு பெரிய இடத்தில் ஒரே ஒரு கூடத்தை வருஷம் முழுக்கத் திறந்து வைத்து, ஒரு ராட்டையைப் போட்டு, ஒரு ஆள் கயிறு திரித்துக் காட்டினால் போதும். பள்ளிப் பிள்ளைகள் வந்து அந்தக் கயிற்றை இழுத்துப் பார்க்கட்டும். தாரின் வாசனை என்னவென்று தெரிந்துகொள்ளட்டும்.

போகிறவர்களுக்கு: கண்காட்சி அநேகமாக வசந்தத்தில் தொடங்கி நவம்பர் வரை இருக்கும், அந்த மாதங்களில் போங்கள். அர்செனாலே என்றே ஒரு படகு நிறுத்தம் இருக்கிறது. இறங்கிக் கால்வாய்க் கரையோடு உள்ளே நடந்தால் கொஞ்ச நேரத்தில் மரப்பாலமும் இரட்டைக் கோபுரமும் வந்துவிடும். சிங்கத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கல்லையும் தேடிப் படியுங்கள்.