பழசு என்று தெரியும், மூழ்கியது என்று தெரியாது

தம்பி வாங்கிய வெள்ளைக் கார் கதை உங்களில் பலருக்குத் தெரியும். அதை மறுபடி முதலில் இருந்து எழுதப் போவதில்லை. தெரியாதவர்களுக்கு ஒரே வரி: வியாபாரி ஒருவரிடம் தம்பி வாங்கிய பழைய கார் பத்தொன்பதாம் நாளே நடுரோட்டில் நின்றது, அது வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. நேற்று நடந்ததைப் பற்றித்தான் இந்தப் பதிவு. வண்டியை விற்ற வியாபாரி மூன்று வாரம் கழித்து ஒருவழியாகப் பதில் அனுப்பினார். நாற்பது வினாடி வாய்ஸ் மெசேஜ். "பழைய வண்டியை வாங்கிட்டு, புது வண்டி மாதிரி ஓடணும்னு கேட்டா எப்படிங்க தம்பி?"

அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன், அவர் வியாபாரி. ஆனால் அதைக் கேட்டுவிட்டு எங்கள் பெரியப்பாவும், கூட இருந்த நாலு பேரும் "அவரு சொல்றதும் நியாயந்தானே" என்றார்கள். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை.

நியாயம் இல்லை. ஒரு துளிகூட இல்லை.

பழசு என்று தெரிந்துதான் வாங்கினான். 2018 மாடல், 72,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி, இரண்டாவது ஓனர், எல்லாம் தெரியும். கிளட்ச் தேய்ந்திருக்கும், பேட்டரி ஒரு வருஷம் தாங்கினால் பெரிது, முன் டயர் இரண்டையும் மாற்ற வேண்டும் என்று அதற்கெல்லாம் தனியாக 30,000 ரூபாய் எடுத்து வைத்திருந்தான். வாங்கிய முதல் வாரத்திலேயே ஏ.சி. சரியாகக் குளிரவில்லை. தன் கைக்காசைப் போட்டுச் சரிசெய்துகொண்டான். அதற்காக வியாபாரிக்கு ஒரு போன்கூடப் போடவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்த வண்டி சென்னைப் பக்கம் பெரும்பாக்கத்தில் சீட் வரைக்கும் தண்ணீரில் நின்றது என்பதுதான் அவனுக்குத் தெரியாது. அதை யாரும் சொல்லவில்லை. 4,35,000 ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்ட வியாபாரியும் சொல்லவில்லை.

பத்தொன்பதாம் நாள். விஜயமங்கலம் டோல்கேட் தாண்டிப் போகும்போது டேஷ்போர்டில் இருக்கிற எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்திருக்கிறது. அடுத்த நொடி இன்ஜின் ஆஃப். ஸ்டியரிங் கல் மாதிரி இறுகிவிட்டது. பின்னால் லாரி. வண்டிக்குள் தம்பி மனைவி, நாலு வயசுப் பெண், ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த அவன் மாமியார். எப்படியோ ஓரம் கட்டிவிட்டான். "எப்படியோ" என்று எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது.

பெருந்துறையில் மெக்கானிக் சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கினார். மேலே புதுக் கார்ப்பெட், அடியில் காய்ந்து வெடித்த சாம்பல் நிறச் சேறு. சீட் போல்ட் அத்தனையும் துரு. வயர் கனெக்டர்களைப் பிரித்துக் காட்டினார், செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. பிறகு டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து, "அக்கா, இதைப் பாருங்க" என்று கடைசி வரைக்கும் இழுத்தார். வழக்கமாக வெளியே வரும் பகுதி பளிச்சென்று கழுவி வைத்தது போல இருந்தது. உள்ளே சுருண்டு கிடந்த கடைசி ஒரு முழத்தில் மட்டும் பழுப்புக் கறை படிந்து, அதன் நடுவில் தண்ணீர் நின்ற கோடு. அவ்வளவு வேலையும் பார்த்தவர்கள் பெல்ட்டை முழுசாக இழுத்துக் கழுவ மறந்துவிட்டார்கள்.

இப்போது சொல்லுங்கள், அது தேய்மானமா? கார் பழசானால் சீட் பெல்ட்டில் சேறு ஊறுமா?

"மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்கிறார்கள். கூட்டிக்கொண்டுதான் போனான். அவர் இன்ஜின் சத்தம் கேட்டார், ஆயில் பார்த்தார், பானெட்டைத் தட்டிப் பட்டி போட்டிருக்கிறதா என்று பார்த்தார், இரண்டு கிலோமீட்டர் ஓட்டியும் பார்த்தார். சீட்டைக் கழற்றிப் பார்க்கிறேன் என்று கேட்டால் எந்தப் பழைய கார் யார்டில் விடுகிறார்கள்? "வண்டியைப் பிரிக்கக் கூடாதுங்க" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டார்கள். பழைய ஓனரின் இன்சூரன்ஸ் காப்பியைக் கேட்டபோது "வாட்ஸப்ல அனுப்பிடறேங்க" என்றார்கள். பணம் கட்டிய பிறகுதான் வந்தது. அதில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, பூஜ்யம். கிளெய்மே போகாமல் வருஷா வருஷம் புதுப்பித்தால் அது 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரைக்கும் ஏறும். அத்தனை வருஷம் ஓட்டிய ஓனருக்குப் பூஜ்யம் என்றால் ஏதோ கிளெய்ம் வாங்கியிருக்கிறார் என்று சந்தேகப்பட வேண்டும். எனக்கே இப்போதுதான் தெரியும். தம்பிக்கு எப்படித் தெரியும்? அவன் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன்.

எல்லாவற்றையும் வாங்குகிறவனே கண்டுபிடிக்க வேண்டும் என்றால், விற்கிறவருடைய வேலை என்ன, மறைப்பதா?

"பாவம், வியாபாரிக்கே தெரியாம இருந்திருக்கலாம்." நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். யாரையும் திருடன் என்று சொல்ல எனக்கு ஆசை இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் இருந்த முந்தைய ஓனரைத் தேடிப்பிடித்துப் பேசினோம். அந்த மனிதர் ஒளிக்கவே இல்லை. "ஆமாங்க, தண்ணியில நின்னுச்சு. இன்சூரன்ஸ்ல ரிப்பேர் பண்ணினோம். அவங்ககிட்ட சொல்லித்தான் கொடுத்தேன், அதுக்காகத்தான் விலையைக் குறைச்சாங்க" என்றார். கேட்டுக்கொண்டீர்களா? வாங்கும்போது வியாபாரி அதைச் சொல்லி விலை குறைத்திருக்கிறார். விற்கும்போது வாய் திறக்கவில்லை.

எங்கள் அப்பாருவை, அதாவது தாத்தாவை, நினைத்துக்கொள்கிறேன். எனக்கு ஒன்பது வயசு இருக்கும். கருங்கல்பாளையம் சந்தைக்கு ஒரு வியாழக்கிழமை விடியற்காலை அவரோடு போனேன். எங்கள் செவலைப் பசுவை விற்க வேண்டி வந்தது. துண்டைப் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதற்குக் கை நீட்டும் முன்பே அப்பாரு சொன்னார்: "பின் வலது காம்புல பால் வராதுங்க. மத்த மூணும் நல்லா இருக்கும். பார்த்துக்கிட்டுக் கேளுங்க." தரகர் அவரை முறைத்தார். விலை முந்நூறு ரூபாய் இறங்கியது. வாங்க வந்தவர் குனிந்து காம்பைப் பார்த்துவிட்டு அதே மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். வரும் வழியில் "ஏனுங்க அப்பாரு சொன்னீங்க?" என்று கேட்டேன். "நாளைக்கு அவரு பொண்டாட்டி பால் கறக்க உட்காருவா கண்ணு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சந்தையில் எல்லோரும் அரிச்சந்திரன் என்று சொல்ல வரவில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்கினால் அங்கேயும் ஏமாற்றுவார்கள். ஆனால் பல்லைப் பார்க்கவாவது விடுவார்கள்.

சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் "இதுக்கெல்லாம் சட்டத்துல வழி இல்லை" என்று பெரியப்பா சொன்னார். இருக்கிறது. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்திலேயே 17ஆம் பிரிவு, தனக்குத் தெரிந்த உண்மையை ஏமாற்றும் எண்ணத்தோடு முனைந்து மறைப்பதை மோசடி என்கிறது. புதுக் கார்ப்பெட் போட்டுச் சேற்றை மூடுவதைவிட முனைப்பு வேறு என்ன வேண்டும்? 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், வாங்குகிறவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதைப் பொது விதியாக வைத்துவிட்டு, உடனே விலக்கும் சொல்கிறது. என்ன தேவைக்கு வாங்குகிறோம் என்று அந்தத் தொழில் செய்கிறவரிடம் சொல்லி, அவர் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். "மாமியாரை மாசம் ரெண்டு தடவை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், வழியில நிக்காத வண்டியா சொல்லுங்க" என்று தம்பி கேட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். "கண்ணை மூடிக்கிட்டு எடுங்க" என்றார் வியாபாரி. அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நேராகவே சொல்கிறது. சொல்ல வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பது சேவைக் குறைபாடு. வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு, கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 1915 என்ற எண்ணில் கேட்கலாம். தனி ஆள் தனி ஆளுக்கு விற்றால் நுகர்வோர் ஆணையம் பொதுவாக உதவாது, சிவில் கோர்ட்தான். அது வேறு கதை. இவர் வியாபாரி, அங்கீகாரச் சான்றை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்.

"டெலிவரி நோட்ல கையெழுத்துப் போட்டிருக்கான்ல?" போட்டிருக்கிறான். "நேரில் பார்த்து, ஓட்டிப் பார்த்து, திருப்தியடைந்து பெற்றுக்கொண்டேன்." பார்த்ததற்குத்தான் கையெழுத்து. பார்க்க விடாததற்கு எப்படிக் கையெழுத்து ஆகும்?

மாமா பையன் சிங்கப்பூரில் இருக்கிறான். அங்கே 2012 செப்டம்பரில் இருந்து ஒரு சட்டம் இருக்கிறது, பழைய காருக்கும் பொருந்தும் என்றான். வாங்கி ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று விற்றவர் நிரூபிக்க வேண்டும். வண்டியின் வயசையும் விலையையும் கணக்கில் எடுப்பார்கள். விற்கும்போதே சொல்லிவிட்ட குறைக்கு விற்றவர் பொறுப்பில்லை. சொல்லிவிட்டால் போதும்! எங்கள் அப்பாரு செய்ததுதான் அங்கே சட்டமாக இருக்கிறது. இங்கே சேறு எப்போது வந்தது என்று நாம் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

பணம்கூட இல்லை எனக்கு வலிப்பது. மாதம் 7,800 ரூபாய் தவணை, ஓடாத வண்டிக்கு. அதையும் கட்டிவிடுவான். அவன் இப்போது வண்டியை வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறான். எதிர்வீட்டுக்காரர் கேட்டால் "சர்வீஸுக்கு விட்டிருக்கேன்" என்கிறான். பெரியப்பா பேசியபோது தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டான், பதில் பேசவில்லை. மறைத்தவர் யார்டில் நிமிர்ந்து உட்கார்ந்து அடுத்த வண்டிக்கு விலை சொல்கிறார். ஏமாற்றப்பட்டவன் என் தம்பி, அவன் எதற்கு ஒளிந்துகொள்ள வேண்டும்? எங்கள் அப்பா சீட்டுப் பணம் போனபோதும் இப்படித்தான். ஊரெல்லாம் அவரைத்தான் கேட்டது, "யோசிக்காமயா போட்டே?" என்று. சீட்டு நடத்தியவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அப்பா அதற்கப்புறம் திருவிழாவுக்குக்கூடத் தேர் முட்டிப் பக்கம் போனதில்லை. அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். தம்பியையும் அப்படி உட்கார வைக்க விட மாட்டேன்.

பெரியப்பா இதைப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும். வீட்டுக்கு வந்தால் காபி உண்டு, கூடவே அந்தச் சீட் பெல்ட்டையும் ஒரு தடவை அவரே இழுத்துப் பார்க்க வேண்டும்.

மெக்கானிக்கிடம் எழுத்தில் வாங்கியாகிவிட்டது. பழைய ஓனர் எழுதிக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். திங்கட்கிழமை ஈரோட்டில் புகார் கொடுக்கிறோம், தம்பிக்கு லீவு கிடைக்காவிட்டால் அவன் கையெழுத்தோடு நான் போகிறேன். கார்ப்பெட்டுக்கு அடியில் சுரண்டி எடுத்த சேற்றை ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மேலே தேதி எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். அதையும் எடுத்துக்கொண்டு போவேன்.