முதலில் கவரைக் கழற்றிப் பாருங்கள்

அம்மாவின் பழைய ஏசி குளிராமல் போனதற்குக் காரணம், கம்ப்ரஸர் மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கெப்பாசிட்டர் என்கிற சின்னப் பாகம்தான் என்று நேற்று அதன் படத்தைப் போட்டிருந்தேன். அதற்கு வந்த பதில்களை எல்லாம் படித்துவிட்டேன். ‘பத்து வருஷ ஏசியைக் கட்டிக்கொண்டு எதற்கு அழுகிறீர்கள்’ என்று ஏழெட்டுப் பேர் எழுதியிருக்கிறீர்கள். பழைய ஏசியை மாற்றவே கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? என்ன கெட்டுப்போச்சு என்று பார்த்துச் சொல்லுங்கள், அப்புறம் மாற்றுவதா வேண்டாமா என்று பேசுவோம் என்றுதான் எழுதினேன். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்.

ஏசியைப் பார்க்க முதலில் வந்த மெக்கானிக் பையன் பையிலிருந்து ஸ்குரு டிரைவரை எடுக்கவே இல்லை. இதை அம்மா என்னிடம் மூன்று தடவை சொன்னாள். ரிமோட்டை அமுக்கினான், உள்ளே வெறும் காற்று வந்தது. மாடிக்குப் போய் அவுட்டோர் யூனிட்டில் காதை வைத்துக் கேட்டான். ‘கம்ப்ரஸர் போச்சு ஆச்சி. மாத்தினா 16,000 ஆகும். 42,000-க்குப் புதுசு வந்துரும், இதை நானே 3,000-க்கு எடுத்துக்கிடுதேன்’ என்றான். பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டான். அம்மா எனக்கு போன் போட்டு, ‘ஏட்டி, மிஷினு போச்சாம்’ என்றபோது குரலே உள்ளே போயிருந்தது. அக்னி நட்சத்திரம் நடக்கிறது. பாளையங்கோட்டையில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறையில் ராத்திரி பதினொரு மணிக்குக்கூடச் சுவரைத் தொட்டால் சுடும். அந்த அறையில் எழுபத்தி மூன்று வயதில் இரண்டு ராத்திரி உட்கார்ந்தே இருந்திருக்கிறாள்.

மூன்றாம் நாள் பேட்டையிலிருந்து எங்கள் வழக்கமான ஏசி மெக்கானிக் அண்ணாச்சி வந்தார். முதல் வேலையாக மெயினை ஆஃப் பண்ணிவிட்டுக் கவரைக் கழற்றினார். கெப்பாசிட்டரின் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. சார்ஜை இறக்கிவிட்டு மீட்டரை வைத்தார். 50 மைக்ரோஃபாரட் காட்ட வேண்டியது 18 காட்டியது. கம்ப்ரஸரின் மூன்று முனையிலும் மீட்டரை வைத்துப் பார்த்தார், பாடிக்கு ஷார்ட் இருக்கிறதா என்றும் பார்த்தார். ‘ஒண்ணும் இல்லை தாயி, மோட்டார் நல்லா இருக்கு’ என்றார். கிளம்புவதற்கு வேண்டிய தள்ளு கிடைக்காமல் கம்ப்ரஸர் உறுமிவிட்டு, மோட்டார் எரியாமல் காக்கிற ஓவர்லோட் சுவிட்சில் கட் ஆகியிருக்கிறது. அந்த உறுமலைத்தான் முதலில் வந்தவன் காதால் கேட்டுத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறான். கெப்பாசிட்டர் 400, கூலி 350. மொத்தம் 750 ரூபாய்.

‘புதுசு வாங்கினால் கரண்ட் பில் மிச்சமாகுமே’ என்கிறீர்கள். சரி, கணக்குப் போடுவோம். அம்மா ஏசி போடுவது மதியம் ஒரு மணி நேரம், ராத்திரி மூன்று மணி நேரம். அதுவும் பங்குனி முதல் ஆனிச் சாரல் காற்று எட்டிப் பார்க்கிற வரைக்கும்தான், நூறு நாள் என்று வையுங்கள். புது இன்வெர்ட்டர் ஏசி மணிக்கு அரை யூனிட் மிச்சம் பிடித்தாலும் வருஷத்துக்கு 200 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்றாலும் 1,600 ரூபாய். போட்ட 42,000 திரும்பி வர இருபத்தாறு வருஷம் ஆகும். அதே ஏசி தினம் பத்து மணி நேரம், வருஷம் முழுக்க ஓடுகிற வீடு என்றால் மூன்று வருஷத்தில் எடுத்துவிடலாம். அங்கே நானே மாற்றச் சொல்வேன். வீட்டுக்கு வீடு கணக்கு வேறு.

‘பழைய கேஸ், சுற்றுச்சூழல்’ என்று எழுதியவருக்கு: நியாயம்தான். அந்த ஏசிக்குள் சுற்றிக் குளிர வைக்கிற கேஸ் ஆர்-22. ஓசோனைக் கெடுக்கிற கேஸ், மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி நம் நாட்டில் 2030-க்குள் கைவிட வேண்டியது. கேஸ் ஓடுகிற காயில் குழாயில் ஓட்டை விழுந்து கேஸ் போயிருந்தால், இல்லை கம்ப்ரஸரே எரிந்திருந்தால் இந்த வயது மிஷினுக்கு நானும் செலவழிக்க மாட்டேன். ஆனால் அது எதுவும் கெடவில்லையே! அதைத்தான் பார்த்துச் சொல்லுங்கள் என்கிறேன்.

கேஸ் என்றதும் எங்கள் வீட்டுக் கதையும் ஞாபகம் வருகிறது. வெயில் காலம் வந்தால் ‘கேஸ் தீர்ந்துபோச்சு’ என்று 2,500 வாங்கிக்கொண்டு நிரப்பிவிட்டுப் போவார்கள். மூன்று வருஷம் கொடுத்தோம். ஏசி கேஸ் என்ன வண்டி பெட்ரோலா, ஓட ஓடத் தீர? மூடின குழாய்க்குள் சுற்றி வருவது. குறைந்தால் எங்கேயோ கசிகிறது. இதே அண்ணாச்சிதான் சோப்பு நுரையைத் தடவி, குழாயை இணைக்கிற ஃபிளேர் நட் ஓரத்தில் நுரை முட்டை முட்டையாகக் கிளம்புவதைக் காட்டினார். நட்டைக் கழற்றிக் குழாய் நுனியைப் புதிதாக விரித்து முடுக்கினார், குழாய்க்குள் இருந்த காற்றை உறிஞ்சி வேக்குவம் பிடித்துக் கேஸ் ஏற்றினார். அதற்கப்புறம் கேஸுக்கு ஒரு பைசா கொடுக்கவில்லை.

‘அந்தப் பையனும் பிழைக்க வேண்டாமா, டார்கெட் இருக்கும்’ என்று ஒருவர். பிழைக்கட்டும். அதற்கு எங்கள் அம்மாதான் கிடைத்தாளா? வீட்டில் ஆண்பிள்ளை இருந்திருந்தால் கவரைக் கழற்றாமல் பேசியிருப்பானா? கிளம்பும்போது, ‘இதுக்கு மேல இதை வச்சு என்ன செய்யப் போறீங்க ஆச்சி’ என்று கேட்டிருக்கிறான். அந்த ஏசி அப்பா பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்த 2016 சித்திரையில் வாங்கியது. ரிமோட்டின் பின்மூடி உடைந்ததற்கு அவர் ஒட்டிய இன்சுலேஷன் டேப் இன்னும் அப்படியே இருக்கிறது. அம்மா அதற்குப் பதில் சொல்லவில்லையாம். தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டாளாம்.

கடைசியாக ஒன்று. ‘அந்த வயசில் ஏசி எதற்கு, விசிறி போதாதா’ என்று எழுதியவர் என்னோடு படித்தவர். தயவுசெய்து அதை அழித்துவிடு. அம்மாவும் முகநூலில் இருக்கிறாள். காலையில் படித்துவிட்டாள், நேற்று ராத்திரி ஏசி போடவே இல்லை என்று என்னிடம் சாதிக்கிறாள்.