இலவசம் என்றால் கேள்வி கேட்கக் கூடாதா?

மொரீஷியஸில் 2019-லிருந்து அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் பட்டப்படிப்புக்குக் கட்டணம் கிடையாது. நல்ல காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதற்கப்புறம் ஒரு பேச்சு ஊரெல்லாம் சுற்றுகிறது: "சும்மா கிடைக்கிற படிப்பில் என்ன குறை சொல்கிறாய்?"

என் அக்கா மகள் திரியோலே என்ற ஊரிலிருந்து தினமும் போய்ப் படிக்கிறாள். எந்த நிறுவனம் என்று இங்கே எழுதப் போவதில்லை. விடிவதற்குள் கிளம்பி, போர்ட் லூயிஸில் பஸ் மாறி, வகுப்பறை வாசலில் போய் நின்றால் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, இன்று வகுப்பு இல்லையாம். முந்தின நாள் ஒரு குறுஞ்செய்தி அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. மதிப்பெண் பட்டியல் கேட்டுப் போனால் ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் "அடுத்த வாரம் வா" என்கிறார். மாணவர்களுக்குப் பஸ் இலவசம்தான், சரி, அவள் இழந்த காலைப்பொழுதும் இலவசமா? அந்தப் படிப்புக்கான பணம் எங்கிருந்து வருகிறது? கடையில் ஒரு ஜோடி செருப்பு வாங்கினால்கூட 15 சதவீதம் வாட் வரி கட்டுகிறோமே!

சேவைத் தரத்தை அளக்க 1988-ல் பராசுராமன், ஸைத்தாமல், பெர்ரி ஆகிய ஆய்வாளர்கள் மூவர் ஸெர்வ்குவால் என்றொரு அளவுகோலை வெளியிட்டார்கள். 22 கூற்றுகள், எதிர்பார்த்தது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பார்ப்பதுதான் அதன் அடிப்படை. அதன் ஐந்து பகுதிகளில் கட்டடமும் கருவிகளும் ஒன்று மட்டுமே. சொன்னபடி செய்வது, கேட்டதும் கவனிப்பது, நம்பிக்கை தருவது, அக்கறை காட்டுவது, இவைதான் மீதி நான்கும். இதில் எதற்குப் பெரிய பட்ஜெட் வேண்டும், சொல்லுங்கள்?

போட்டி என்று வந்தால் மிடில்செக்ஸ், கர்டின் போன்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கிளைகள் இங்கேயே இருக்கின்றன. கடன் வாங்கியாவது பிள்ளையை அங்கே சேர்க்கும் பெற்றோரை எனக்குத் தெரியும். "அங்கே கேட்டால் பதில் வருகிறது" என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். நம் அரசுப் பல்கலைக்கழகங்களில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அந்த அருமை அலுவலக ஜன்னலிலேயே அடிபட்டுப் போகிறது என்பதுதான் என் ஆதங்கம். எச்.எஸ்.சி. முடித்த பிள்ளை விளம்பரத்தை நம்பி முடிவெடுப்பதில்லை, அங்கே படிக்கிற அண்ணனையோ அக்காவையோதான் கேட்கிறது.

செமஸ்டர் முடிவில் கருத்துப் படிவம் கொடுக்கத்தான் செய்கிறார்கள். ஒன்றிலிருந்து ஐந்துவரை வட்டம் போட வேண்டும். போன தடவை சொன்னதற்கு என்ன ஆனது என்று யாரும் சொல்லாததால், பிள்ளைகள் மேலிருந்து கீழ்வரை மூன்று, மூன்று என்று போட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். அப்புறம் அந்தச் சராசரியைக் காட்டி "மாணவர்கள் திருப்தி" என்று அறிக்கை எழுதுவது எந்த வகையில் நியாயம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கறாராக மதிப்பெண் போடும் ஆசிரியருக்குப் படிவத்தில் குறைந்த புள்ளி விழலாம், அதை வைத்து அவர்மீது நடவடிக்கை எடுத்தால் தரம்தான் கெடும். பாடத்தின் ஆழத்தை அந்தத் துறை அறிந்தவர்கள் எடைபோடட்டும். வகுப்பு நேரத்துக்கு நடந்ததா, மின்னஞ்சலுக்குப் பதில் வந்ததா, ஆய்வகக் கணினி வேலை செய்ததா என்பதை மாணவர்களைவிட வேறு யார் நன்றாகச் சொல்ல முடியும்?

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த சேர்க்கைக்கு முன்னால் ஒவ்வொரு படிப்புக்கும் ஒரே ஒரு பக்கம் வெளியிடுங்கள்: போன வருடம் மாணவர்கள் என்ன குறை சொன்னார்கள், எதைச் சரிசெய்தீர்கள், எதைச் செய்ய முடியவில்லை. முடியாது என்றால் முடியாது என்றே எழுதுங்கள், காரணத்தோடு. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன அனுபவம்? கீழே எழுதுங்கள், எல்லாவற்றையும் தொகுத்து ஒரே கடிதமாக அனுப்பலாம்.